ஓசூர் உதிரிபாகக் கம்பெனிக்குப் புதிய சைபர் ஆபத்துகள்: எதை முதலில் பார்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓசூர் சிப்காட்டில் 80 பேர் வேலை பார்க்கும், சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) வைத்து உதிரிபாகம் செய்யும் கம்பெனி. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் சைபர் பாதுகாப்பு பற்றி நீளமான கேள்விப் படிவம் அனுப்பியிருக்கிறார். கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக் கூழ் தொழிற்சாலை நடத்தும் உங்கள் மைத்துனருக்கும் இதே குழப்பம். ஒரு கருத்தரங்குக்குப் போனீர்கள். ரான்சம்வேர் (கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்), டீப்ஃபேக் (ஏஐ செய்யும் போலி முகம், குரல்), ஏஐ தாக்குதல், குவாண்டம் என்று வரிசையாகச் சொல்லிப் பயமுறுத்தி அனுப்பினார்கள். வெளியே வந்ததும் ஒருவர், இணையத்துக்கும் கம்பெனி நெட்வொர்க்குக்கும் நடுவில் நின்று வடிகட்டும் ஃபயர்வால் பெட்டிக்கு 4 லட்சம் என்று கொட்டேஷன் நீட்டினார். வாங்கலாமா, இதையெல்லாம் எப்படி யோசிப்பது என்பது கேள்வி.

ஃபயர்வாலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கருத்தரங்கில் கொடுக்கும் ஆபத்துப் பட்டியல் வருடா வருடம் மாறும். அதைத் துரத்திக்கொண்டு ஓட 80 பேர் கம்பெனிக்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். யார் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது? எது நின்றால் டிஸ்பேட்ச் நிற்கிறது? வெளியாட்கள் யாரெல்லாம் நினைத்த நேரத்தில் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து போகிறார்கள்? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதினாலே முக்கால்வாசி தெளிவு வந்துவிடும். தொழில்நுட்பம் எவ்வளவு புதிதாக இருந்தாலும், உள்ளே வருவது பெரும்பாலும் இந்த மூன்று வழிகளில் ஏதோ ஒன்றில்தான். இன்னொன்று, நம் பகுதியில் எந்தக் கம்பெனியும் தனியாக நிற்பதில்லை. வாடிக்கையாளர், ஜாப் ஒர்க் பார்ட்டி, ஆடிட்டர், டேலி சப்போர்ட், மெஷின் சர்வீஸ், லேபர் கான்ட்ராக்டர் என்று ஒருவரை ஒருவர் நம்பித்தான் வண்டி ஓடுகிறது. ஆபத்தும் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டே நகர்கிறது.

அந்தப் படிவம் உங்களுக்கு ஏன் வந்தது என்பதற்கு டொயோட்டா கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. கொஜிமா இண்டஸ்ட்ரீஸ் என்று ஜப்பானில் ஒரு கம்பெனி, டொயோட்டாவுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்து கொடுப்பது. 2022 பிப்ரவரி 26 இரவு அவர்களுடைய சர்வரில் ரான்சம்வேர் புகுந்திருப்பது தெரிந்தது. மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் தன் 14 தொழிற்சாலைகளையும், அதாவது 28 லைன்களையும், ஒரு நாள் முழுக்க நிறுத்தியது. சுமார் 13,000 வண்டிகள் அன்று உற்பத்தியாகவில்லை. இத்தனைக்கும் டொயோட்டாவின் சர்வரில் யாரும் கை வைக்கவில்லை. பாகம் எப்போது, எத்தனை வரும் என்று சொல்லும் தொடர்பு அறுந்தது, அவ்வளவுதான். ஸ்டாக் வைக்காமல் அன்றன்றைக்கு வாங்கும் முறையில் அதுவே போதும். கொஜிமாவுக்குள்ளும் நேராக யாரும் நுழைந்துவிடவில்லை. அதன் துணைக் கம்பெனி ஒன்று வெளியாரோடு தொடர்பு கொள்ள வைத்திருந்த ரிமோட் இணைப்புக் கருவியில் இருந்த ஓட்டைதான் வழி. சப்ளையருக்கு ஒரு துணைக் கம்பெனி, அதற்கு ஒரு கருவி, கடைசியில் டொயோட்டா. இதைப் பார்த்த பிறகு எந்தப் பெரிய கம்பெனியும் தன் சப்ளையரிடம் படிவம் நீட்டாமல் இருக்காது.

இந்தக் கதை மறுபக்கமாகவும் நடக்கும் என்பதைக் கருத்தரங்குகளில் யாரும் சொல்வதில்லை. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜாகுவார் லேண்ட் ரோவர் தாக்கப்பட்டது. உற்பத்தி ஏறத்தாழ ஐந்து வாரம் நின்று, அக்டோபரில்தான் படிப்படியாகத் திரும்பியது. பிரிட்டிஷ் பொருளாதாரத்துக்கு ஏற்பட்ட நட்டம் 190 கோடி பவுண்டு என்றும், 5,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அடி வாங்கின என்றும் அங்குள்ள சைபர் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. அந்த 5,000-த்தில் எத்தனையோ பேர் உங்களைப் போன்ற சப்ளையர்கள். அவர்களுடைய கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது. பாஸ்வேர்டும் பேக்கப்பும் சரியாகவே இருந்திருக்கலாம். ஆர்டர்தான் வரவில்லை. உங்கள் விற்பனையில் பெரும்பங்கு ஒரே வாடிக்கையாளரிடம் போகிறது என்றால், உங்களுடைய மிகப் பெரிய சைபர் ஆபத்து அவருடைய சர்வரில் இருக்கிறது. அதற்கு ஆன்டிவைரஸ் கிடையாது. ஐந்து வாரம் ஷெட்யூல் வராவிட்டால் சம்பளத்தையும் கடன் தவணையையும் எப்படிக் கட்டுவது என்று வங்கி மேலாளரிடம் உட்கார்ந்து பேசி, ஓடி (ஓவர்டிராஃப்ட்) லிமிட்டில் கொஞ்சம் இடம் வைத்துக்கொள்வதுதான் மருந்து. இதை ஐடி ஆள் செய்ய முடியாது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

வங்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலை 31 அன்று நாட்டில் சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் முடங்கியது. பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும். அவற்றுக்கெல்லாம் பின்னணியில் வேலை செய்த சி-எட்ஜ் என்ற ஒரே நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்ததால், பரவாமல் இருக்க, யுபிஐ போன்ற பணப் பரிமாற்றங்களை நடத்தும் என்பிசிஐ அந்த இணைப்பைத் துண்டித்தது. மறுநாள் சரியாகிவிட்டது. ஆனால் தேதியைப் பாருங்கள், மாதக் கடைசி. சம்பளக் கணக்கு முழுவதும் ஒரே சிறு வங்கியில் வைத்திருந்தவர்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்? இரண்டாவது வங்கியில் ஒரு நடப்புக் கணக்கு வைத்திருப்பது பெரிய செலவு இல்லை.

சரி, மைத்துனர் விஷயம். அவருக்கு நான் முதலில் சொல்வது மெயிலைப் பற்றி. பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி டிரம்மில் அடைத்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பும் தொழிலில் ஒரு கன்டெய்னரின் பணமே கனமான தொகை. விலை பேசுவது, பில் போடுவது, வங்கி விவரம் கொடுப்பது எல்லாம் மெயிலில் நடக்கிறது. அமெரிக்க எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையம் வெளியிட்ட 2023 அறிக்கையில், வணிக மெயில்களைப் பிடித்துச் செய்த மோசடியில் போன தொகை சுமார் 290 கோடி டாலர். அதே அறிக்கையில் ரான்சம்வேருக்குப் பதிவான நட்டம் 6 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. வேலை நின்றுபோன நட்டம் இரண்டாவது கணக்கில் சரியாக ஏறுவதில்லை என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாதுதான். இருந்தாலும் தலைப்புச் செய்தியில் வருவது ஒன்று, சத்தமில்லாமல் பணத்தை அதிகம் தின்பது வேறொன்று என்பது தெரிகிறது.

அந்த மோசடி நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வைரஸே இல்லாமல்கூட வேலை முடிந்துவிடும். உங்களுடையதோ, வாங்குபவருடையதோ, ஒரு மெயில் பெட்டியின் பாஸ்வேர்டு திருடன் கைக்குப் போகிறது. அவன் உடனே எதுவும் செய்வதில்லை. வாரக்கணக்கில் படிக்கிறான். யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார், எந்தக் கன்டெய்னர் எப்போது ஏறுகிறது, முன்பணம் எவ்வளவு என்று எல்லாம் தெரிந்துகொள்கிறான். குறிப்பிட்ட மெயில்கள் உங்கள் கண்ணில் படாமல் வேறு ஃபோல்டருக்குப் போகும்படி ஒரு விதி எழுதி வைக்கிறான். உங்கள் டொமைன் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறிய இன்னொரு டொமைனைப் பதிவு செய்கிறான். பணம் வர வேண்டிய நாளில், உங்கள் லெட்டர்ஹெட்டிலேயே, “எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த முறை மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று வாங்குபவருக்குக் கடிதம் போகிறது. அவர் அனுப்பிவிடுகிறார். சரக்கு போய்விட்டது, பணமும் போய்விட்டது. யார் மெயில் பெட்டி உடைந்தது என்பதில் இரு தரப்பும் மாதக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து ஸ்டெரிலைசருக்கு உதிரிபாகம் வாங்கும்போது இதே கதை உங்கள் பக்கம் திரும்பும்.

தீர்வு மலிவானது. வங்கிக் கணக்கு மாற்றம் எதையும் மெயிலை நம்பி ஏற்பதில்லை என்று ஒரு விதி வையுங்கள். மாற்றம் என்று வந்தால், அந்த மெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். இதையே புரோஃபார்மா இன்வாய்ஸில் ஒரு வரியாக அச்சிட்டு, சீசன் தொடங்கும் முன்பே வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள். உள்நாட்டில் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் போடும்போது கணக்குக்கு உரியவர் பெயரை வங்கியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொடுக்கும்படி ரிசர்வ் வங்கி சொன்னது. அந்தப் பெயரைப் பார்க்காமல் பட்டனை அழுத்தும் அவசரம் யாருக்கும் வேண்டாம். மெயில் கணக்குகளுக்கு இரண்டு கட்ட உறுதிப்படுத்தலை (பாஸ்வேர்டோடு ஓடிபி போல இன்னொன்றும் கேட்பதை) கட்டாயமாக்குங்கள். மாதம் ஒரு முறை ஃபார்வர்டு விதிகளைத் திறந்து பாருங்கள். தெரியாத விதி இருந்தால் அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

ஏஐ இங்கேதான் வந்து சேர்கிறது. முன்பெல்லாம் மோசடி மெயிலில் இலக்கணம் இடறும், தமிழில் வந்தால் சிரிப்பு வரும். அந்த அடையாளம் போய்விட்டது. இப்போது நல்ல தமிழிலேயே வரும். குரலையும் கொஞ்ச நேர ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு நகலெடுக்க முடிகிறது. நீங்கள் திருப்பதி போயிருக்கும் நாளில் அக்கவுண்டன்டுக்குப் போன் வருகிறது: “அண்ணா, மலையில இருக்கேன், சிக்னல் சரியில்ல. அந்த ஸ்டீல் பார்ட்டிக்கு உடனே ஆர்டிஜிஎஸ் போட்டுடுங்க, அப்புறம் பேசறேன்.” குரல் உங்களுடையது. அவர் என்ன செய்வார்? 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில், ஆரப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு இப்படித்தான் ரகசியப் பரிமாற்றம் என்று செய்தி வந்தது. அவர் முதலில் சந்தேகப்படத்தான் செய்தார். அப்புறம் வீடியோ கூட்டத்தில் தெரிந்த முகங்களைப் பார்த்ததும் சந்தேகம் போயிற்று. அதில் மற்றவர்கள் எல்லாருமே போலி. 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. ஆக முகமும் குரலும் இனி சாட்சி இல்லை. வந்த அழைப்பை நம்பி எதுவும் செய்யாமல், வெட்டிவிட்டுத் தெரிந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடுவது ஒன்றுதான் நிற்கும். முதலாளியே கூப்பிட்டாலும் அக்கவுண்டன்ட் அப்படிச் செய்யலாம், அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம் என்று நீங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருக்க வேண்டும். நம் ஊர்க் கம்பெனிகளில் முதலாளியைத் திருப்பிக் கேட்பது பெரிய விஷயம். மோசடிக்காரன் பிழைப்பதே அந்த மரியாதையில்தான்.

அடுத்தது திருட்டு மென்பொருள். டிசைன் மென்பொருளை கிராக் செய்து (லைசென்ஸ் பூட்டை உடைத்து) ஓட்டும் கம்பெனிகள் நம் பகுதியில் உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், யாரும் எழுதமாட்டார்கள். அந்த கிராக் ஃபைலோடு இலவசமாக வருவது இன்ஃபோஸ்டீலர் எனப்படும் தகவல் திருடி. திரையில் எந்த அறிகுறியும் இருக்காது. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு போகும். கூடவே, நீங்கள் ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் குக்கீகளையும் எடுத்துக்கொள்ளும். அதை வைத்து உள்ளே வருபவனிடம் பல தளங்கள் ஓடிபியே கேட்பதில்லை. இப்படித் திருடியதை மொத்தமாக விற்கச் சந்தையே இருக்கிறது. வாங்குபவன் உங்கள் பெயரைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டான். இதற்கு நான் சொல்வது, வங்கி வேலைக்கென்று ஒரு கம்ப்யூட்டர், அதில் வங்கி தவிர வேறு எதுவும் இல்லை. மெயில், வாட்ஸ்அப் வெப், யூடியூப் எல்லாம் வேறு கம்ப்யூட்டரில். அப்புறம் மேக்கர்-செக்கர் என்று இரண்டு பேர் ஒப்புதல் வைத்துவிட்டு, இரண்டு ஓடிபியும் ஒரே ஆள் மேசையில் இருக்கும் போனுக்கு வந்தால் அந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை.

வெளியாள் வரும் வழிகளில் மூன்றைச் சொல்கிறேன், அநேகமாக உங்களிடம் மூன்றுமே இருக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எங்கே இருக்கிறது? பல கம்பெனிகளில் ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில், பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியபடி இருக்கும். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் புத்தகத்தை அடுத்தவர் மேசையில் வைத்துவிட்டு வருவதும் இதுவும் ஒன்றுதான். ஆடிட்டர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் ஆபீஸில் எத்தனை பேர் வந்து போகிறார்கள்? டோக்கனை வாங்கி வாருங்கள், தேவைப்படும்போது நீங்கள் சொருகுங்கள். இரண்டாவது, டேலி சப்போர்ட் தம்பிக்காக எப்போதும் திறந்தே கிடக்கும் எனிடெஸ்க், அதாவது தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க விடும் மென்பொருள். அவர் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால், அவர் கம்ப்யூட்டர் உடையும் நாளில் நீங்கள் எல்லாரும் சேர்ந்தே உடைவீர்கள். வேலை வரும்போது திறந்து, முடிந்ததும் மூடுங்கள். மெஷின் சர்வீஸ்காரர் பிஎல்சிக்கு (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு) வைத்துவிட்டுப் போன ரிமோட் மோடத்துக்கும் இதே விதி. கொஜிமா விழுந்ததும் இந்த மாதிரி வாசலில்தான். மூன்றாவது சிசிடிவி. மாட்டியவர் வைத்த பாஸ்வேர்டு அப்படியே இருக்கும், வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இணையத்துக்கும் திறந்து வைத்திருப்பார். 2016-ல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் (கேமரா பதிவுப் பெட்டிகளையும்) பிடித்தது இப்படித்தான்; அறுபது சொச்சம் வழக்கமான பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, திறந்தது. அந்த டிவிஆர் அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் இருக்கும் அதே நெட்வொர்க்கில் இருந்தால் சிக்கல் கேமராவோடு நிற்காது.

ரான்சம்வேருக்கு வருவோம். இன்றைய கும்பல்கள் உள்ளே வந்தவுடன் பூட்டுவதில்லை. முதலில் தகவலைத் திருடுகிறார்கள், அப்புறம் பேக்கப் எங்கே என்று தேடி அழிக்கிறார்கள், கடைசியில்தான் பூட்டு. அதனால் அதே நெட்வொர்க்கில் எப்போதும் இணைந்திருக்கும் ஹார்டு டிஸ்க்கை பேக்கப் என்று நம்ப முடியாது. ஒரு நகல் கழற்றி அலமாரியில் வைக்கப்பட்டிருக்க வேண்டும், ஒன்று வேறு கட்டடத்திலோ கிளவுடிலோ இருக்க வேண்டும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க அழிந்தன. மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய முனையமும் நின்றது. பயனர் விவரங்களை வைத்திருக்கும் முக்கிய சர்வர்களில் ஒன்றே ஒன்று பிழைத்தது. கானாவில் இருந்த அந்த சர்வர், தாக்குதல் நேரத்தில் மின்தடையால் அணைந்து கிடந்தது. அதை வைத்துத்தான் மீண்டும் கட்டினார்கள். நம் ஊரில் கரண்ட் போனால் திட்டுகிறோம், பாருங்கள். அணைத்துக் கழற்றி வைத்த நகலின் மதிப்பு அதுதான்.

பேக்கப் என்றால் டேலி மட்டும் இல்லை. சிஎன்சி புரோகிராம்கள், மெஷின் பாராமீட்டர்கள், பிஎல்சி புரோகிராம், டிராயிங்குகள் எல்லாம் சேர்ந்துதான். கன்ட்ரோலர் பேட்டரி தீர்ந்து பாராமீட்டர் அழிந்த அனுபவம் உள்ள மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு இதன் அருமை ஐடி ஆட்களைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டு, நேற்றைய பில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பழைய விண்டோஸ் ஒரு தனித் தலைவலி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-டன் முடிந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களை மாற்றிவிடலாம். ஆனால் சோதனை மெஷினோடு வந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை மாற்ற முடியாது, மாற்றினால் மெஷின் ஓடாது. அதைக் குற்றமாக நினைக்க வேண்டாம். இணையம் இல்லாத தனி ஸ்விட்ச்சில் போட்டு, அதற்கென்றே ஒரு பென்டிரைவ் வைத்து, அந்தப் பென்டிரைவ் வேறு எங்கும் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது உறுதியானது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று அணுமின் கழகம் சொன்னது. பிரித்து வைப்பதன் பலன் அது.

இப்போது ஃபயர்வால். வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் மேலே சொன்னவற்றில் பாதியும் செய்யாமல் 4 லட்சத்தை ஒரு பெட்டியில் போடுவது வீண். சமீப ஆண்டுகளில் பெயர்பெற்ற ஃபயர்வால் கருவிகளிலும், வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வர உதவும் விபிஎன் கருவிகளிலும் இருந்த ஓட்டைகள் வழியாகவே பல பெரிய ஊடுருவல்கள் நடந்திருக்கின்றன. பெட்டியை வாங்கினால் அதற்கு அப்டேட் போட ஆள் வேண்டும், வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்கப் பணம் வேண்டும். இரண்டாம் வருடம் லைசென்ஸ் தீர்ந்துபோய் பச்சை விளக்கு மட்டும் எரியும் பெட்டிகளை நிறையப் பார்க்கலாம். விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மூன்று வருடத்துக்கு இதை யார் பார்த்துக்கொள்வார், எழுத்தில் தருவீர்களா? பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.

குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் இன்றைய குறியாக்கத்தை (தகவலைப் பூட்டி அனுப்பும் முறையை) உடைத்துவிடும் என்பதுதான் பயம்; அதை மறந்துவிடலாம். அமெரிக்க தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் அதற்கான புதிய குறியாக்கத் தரங்கள் மூன்றை வெளியிட்டுவிட்டது, குரோம் பிரவுசர் அதே வருடம் அந்த வகைக் குறியாக்கத்துக்கு மாறத் தொடங்கியது. உங்கள் பங்கு, பிரவுசரை அப்டேட் செய்து வைப்பது மட்டும்தான். ஊழியர்கள் ஏஐ பயன்படுத்துவதை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் கம்பெனி நிரல்களை சாட்ஜிபிடியில் போட்டுவிட்டதால் நிர்வாகம் அதற்குத் தடை போட வேண்டி வந்தது. வாடிக்கையாளரின் டிராயிங்கை ஏஐ தளத்தில் ஏற்றி விளக்கம் கேட்பது, நீங்கள் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தத்தை மீறுவதாகவே முடியலாம். மெயிலைத் தானே படித்துத் தானே பதில் அனுப்பும் ஏஐ உதவியாளர்களுக்கு இப்போதைக்கு அனுமதி கொடுக்க வேண்டாம். வந்த மெயிலுக்குள்ளேயே அதற்கு மறைமுகக் கட்டளை எழுதி ஏமாற்ற முடியும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம்.

படிவத்தில் சட்டம் பற்றிய கேள்விகள் இருக்கும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, அதில் பட்டியலிட்ட வகைத் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். உங்கள் அளவுக்கு அந்தத் தொகையை நினைத்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் ஆதார் நகல்களை லேபர் கான்ட்ராக்டர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார் பாருங்கள், அது நாளை உங்கள் தலையில்தான் வந்து விழும். படிவத்தில் இல்லாததை இருக்கிறது என்று எழுதாதீர்கள். ஏதாவது நடந்தால் அந்தத் தாளைத்தான் முதலில் எடுப்பார்கள். “இல்லை, இந்த மாதத்துக்குள் செய்கிறோம்” என்று எழுதினால் ஒத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்கள் நிறைய இருக்கிறார்கள்.

எனக்குக் கேட்டால், இதையெல்லாம்விடப் பலன் தருவது ஒரு மதியம் உட்கார்ந்து பேசுவது. அக்கவுண்டன்ட், ஸ்டோர் கீப்பர், மெயின்டனன்ஸ் ஃபிட்டர், டிஸ்பேட்ச் பார்ப்பவர் நால்வரையும் கூப்பிட்டு, “நாளைக் காலை பத்து நாளுக்கு டேலி திறக்காது, லாரியை எப்படி அனுப்புவீர்கள்?” என்று கேளுங்கள். உங்கள் விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்யும் பில்) கட்டாயம். கையால் பில் எழுதி அனுப்பிவிட முடியாது. வேறு கம்ப்யூட்டரிலிருந்து அரசுத் தளத்தில் நேரடியாகப் போட யாருக்குத் தெரியும்? அந்தத் தளங்களில் 2025 ஏப்ரல் முதல் எல்லாருக்கும் ஓடிபி கட்டாயம் என்பதால், அந்த ஓடிபி யார் போனுக்கு வருகிறது? போன வருடம் வேலையை விட்டுப் போனவர் எண்ணுக்குப் போகிறது என்று அந்த மதியம் தெரிந்தால், அதுவே பெரிய லாபம். அங்கேயே இன்னொன்றையும் சொல்லுங்கள்: தவறான லிங்க்கை அழுத்திவிட்டவர் உடனே வந்து சொன்னால் திட்டு கிடையாது. பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் பணம்.

மைத்துனர் இந்த வேலைகளை ஏப்ரலுக்குள் முடித்துவிட வேண்டும். மே பாதியில் பழம் வர ஆரம்பித்துவிட்டால் ஜூலை வரை அவருக்குத் தூக்கமே இருக்காது, அந்த நேரத்தில் பாஸ்வேர்டு மாற்றுகிறேன், நெட்வொர்க்கைப் பிரிக்கிறேன் என்று யார் போனாலும் விரட்டித்தான் விடுவார். மோசடிக்காரனுக்கும் அந்த அவசரம்தான் வேண்டும்.

மீறி நடந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிட்டுப் பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள், அதே நேரம் இன்னொருவர் வங்கியோடு பேசட்டும். வெளிநாட்டுக்குப் போன பணம் என்றால் ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கு இடையிலான சர்வதேசச் செய்தி வலையமைப்பு) வழியாகத் திருப்பக் கேட்கும் செய்தியை வங்கி அன்றே அனுப்ப வேண்டும், மறுநாள் என்றால் பெரும்பாலும் கணக்கு காலியாகியிருக்கும். அப்புறம் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார். கம்ப்யூட்டர் பூட்டப்பட்டிருந்தால் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், ஆனால் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். சர்வீஸ் ஆள் வந்ததும் ஃபார்மேட் போடத் துடிப்பார். தடயம் எல்லாம் அதோடு போய்விடும், விடாதீர்கள். இந்த எண்களை எல்லாம் அச்சடித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள், ஏனென்றால் அன்று மெயிலும் திறக்காது, அதிலிருக்கும் முகவரிப் பட்டியலும் திறக்காது. வாடிக்கையாளருக்கு அவர்களாகக் கண்டுபிடிக்கும் முன் நீங்களே போன் செய்து சொல்லி, அவர்களுடைய சப்ளையர் தளத்தில் உங்கள் லாகினை முடக்கி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த மூன்று நாள் ஷெட்யூலைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.